பட்டாளத்து நினைவுப் பரிசு எங்கிருந்து வந்தது? குமரி மாவட்டத்து வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

திருவட்டாறு பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது மச்சிலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டி இறங்கியது. உள்ளே கிழிந்த கம்பளி, இரண்டு பித்தளை பொத்தான், அடியில் கைப்பிடி வைத்த ஒரு மக். வீட்டுக்கார அக்கா அதை ஒரு துண்டில் பொதிந்து என்னிடம் கொண்டுவந்தார். "எங்க பாட்டா ஜெர்மன் சண்டைக்குப் போனப்போ வெள்ளக்காரத் தொர குடுத்ததாக்கும். அதுல 1914-ன்னு போட்டிருக்கு பாரு. எந்தப் பட்டாளம்னு மட்டும் சொல்லு மக்கா."

மக்கின் முகப்பில் கிரீடம் இல்லை, சங்கு இருந்தது. அதனால் அந்தக் கதையின் ஒரு பாதி அங்கேயே ஆட்டம் கண்டது. மீதிப் பாதியைச் சரிபார்க்க நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதத்தில் செய்ததையும், அதற்கு முன் வேறு பொருள்களில் தவறாகச் செய்து கற்றுக்கொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கோப்பை, தட்டு, சிகரெட் பெட்டி, அதிகாரிகள் அக்குளில் இடுக்கிக்கொள்ளும் குட்டைப் பிரம்பு, மரப்பலகையில் பதித்த கேடயம் எதுவானாலும் வழி ஒன்றுதான்.

முதலில் ஒரு வரலாற்றுக் கணக்கு

நம் மாவட்டத்துக்காரர்கள் இதை மறந்துவிடுவதால்தான் பாதித் தேடல் தப்பான ஊரில் நடக்கிறது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டில் இல்லை. 1949 ஜூலை வரை திருவிதாங்கூர் சமஸ்தானம், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. சமஸ்தானத்துக்கு மகாராஜாவின் சொந்தப் படை இருந்தது. அதே காலத்தில் நம் ஊர் ஆட்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் சேர்ந்தார்கள்: மெட்ராஸ் ரெஜிமென்ட், பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸ் (படைப் பொறியாளர்கள்), சாலை போடும் பயனீர் பிரிவுகள் என்று. ஆக, உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பது இரண்டு வெவ்வேறு படைகளில் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். இரண்டுக்கும் முத்திரை வேறு, ஆண்டுக்கணக்கு வேறு, ஆவணம் இருக்கும் ஊரும் வேறு. சங்கு போட்ட கோப்பையின் பூர்வீகத்தைத் தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் போயிருக்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் திருவனந்தபுரத்துக்கு.

சமஸ்தானப் படைக்கும் இன்றைய ராணுவத்துக்கும் தொடர்ச்சி உண்டு. நாயர் பிரிகேட் என்று வழங்கிய படை, 1935-ல் இந்திய சமஸ்தானப் படைத் திட்டத்தில் சேர்ந்து திருவிதாங்கூர் ஸ்டேட் ஃபோர்சஸ் ஆனது. அதன் 1-வது, 2-வது திருவிதாங்கூர் நாயர் இன்ஃபன்ட்ரிகள் (காலாட்படைகள்) சுதந்திரத்துக்குப் பின் இந்திய ராணுவத்தில் சேர்ந்து, மெட்ராஸ் ரெஜிமென்டின் 9-வது, 16-வது பட்டாலியன்கள் ஆயின. 9 மெட்ராஸ் தன் பிறப்பை 1704-ல் பத்மநாபபுரத்தில் எழுப்பப்பட்ட அரண்மனைக் காவல் படையிலிருந்து கணக்கிடுகிறது. தக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகக்கூடிய இடத்தில் பிறந்த படை அது. குளச்சல் போர் 1741-ல் நடந்ததும், அதில் பிடிபட்ட டச்சுக்காரர் டி லனாய் பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதி ஆகி இன்றும் உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறையில் இருப்பதும் நமக்குத் தெரிந்த கதை. ஆனால் வீட்டில் கிடைத்த கோப்பையை உடனே குளச்சல் போரோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். ரெஜிமென்ட் பெயர் வெட்டிப் பரிசு கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் பரவியது அதற்கு வெகு காலம் கழித்துத்தான்.

தேய்க்காதீர்கள்

பெட்டியிலிருந்து எடுத்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது புளி போட்டுத் தேய்ப்பது. இல்லாவிட்டால் விபூதி. குளச்சல், முட்டம், மண்டைக்காடு போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் பித்தளையில் பச்சைக் களிம்பு சீக்கிரம் ஏறும். கை தானாகவே தேய்க்கப் போகும். வேண்டாம்.

என் அம்மாவின் அப்பாவுடைய சிகரெட் பெட்டியை நான் ஒரு பாலிஷ் கடையில் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. பஃபிங் சக்கரத்தில் வைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். மூடியில் மெல்லிய கோடுகளாக இருந்த நான்கு வரி எழுத்தில் இப்போது "சுபேதார்" என்பதன் முதல் மூன்று எழுத்து மட்டும் மிச்சம். யார் கொடுத்தார்கள், எந்த ஆண்டு, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் சக்கரத்தோடு போயிற்று. கடைக்காரர் மேல் குற்றமில்லை, கேட்டதைச் செய்தார். கேட்டது நான்.

அடியிலிருக்கும் பச்சைப் ஃபெல்ட் துணியையும் பிய்க்காதீர்கள். அதற்குக் கீழே கடைச் சீட்டு ஒட்டியிருக்கலாம். மென்மையான பழைய வேட்டித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

கதையை எழுதி மூடி வையுங்கள்

பொருளைப் பற்றி வீட்டில் சொல்லும் கதையை, சொல்பவரின் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, மடித்து வைத்துவிடுங்கள். பொருளை ஆராய்ந்து முடிக்கும் வரை அதைத் திறக்க வேண்டாம். கதை முன்னால் நடந்தால் கண் அதற்கு ஏற்றபடிதான் படிக்கும். "1914" என்று சொல்லிவிட்டால் தேய்ந்துபோன எழுத்தும் 1914 ஆகத்தான் தெரியும்.

ஆனால் ஒன்று: வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் பொருளைப் பற்றி மட்டும் கேட்காமல் ஆளைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஊரில் இருந்தார், லீவுக்கு எப்படி வந்தார், ரயிலா பஸ்ஸா, எந்த மொழியில் திட்டுவார், பென்ஷன் எங்கே போய் வாங்கினார் என்றெல்லாம். பென்ஷன் வாங்கப் பாட்டா திருவனந்தபுரம் போனாரா, நாகர்கோவில் கஜானாவுக்கா என்பது ஒரு பெரிய துப்பு. முக்கியமில்லை என்று அவர்கள் சொல்லாமல் விட்ட விஷயத்தில்தான் பல நேரம் விடை இருக்கும்.

என்ன உலோகம்

பரிசு கொடுத்தவரின் வசதியும் காலமும் உலோகத்தில் தெரியும். வெள்ளி, முலாம் பூசிய ஜெர்மன் சில்வர், பித்தளை என்று மூன்றுதான் பெரும்பாலும் வரும்.

அடிப்பகுதியை டார்ச் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னக் கட்டங்களில் முத்திரைகள் வரிசையாக இருந்தால் ஒவ்வொன்றாக வரைந்துகொள்ளுங்கள். வலது முன்னங்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்தில் சோதித்த ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு. கூடவே ஊரின் குறி இருக்கும்: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், கிரீடம் ஷெஃபீல்டு. பர்மிங்ஹாமில் கடல் இல்லையே, நங்கூரம் ஏன் என்று குழம்ப வேண்டாம். அது ஊரின் அடையாளம் மட்டுமே. ஆண்டுக்கு ஒரு எழுத்தும் அடித்திருப்பார்கள். எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவமும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், ஊரை முடிவு செய்த பிறகே ஆண்டு எழுத்தைப் பட்டியலில் பாருங்கள். ராணி அல்லது ராஜாவின் தலை ஒரு கட்டத்தில் இருந்தால் அது வரி கட்டியதற்கான குறி. 1890-ல் அது நிறுத்தப்பட்டது.

ஷெஃபீல்டின் கிரீடக் குறியை ரெஜிமென்டின் கிரீடம் என்று நினைப்பவர்கள் உண்டு. கடுகளவு கட்டத்துக்குள், அடியிலோ விளிம்பிலோ இருப்பது பட்டறைக் குறி. முகப்பில் இருப்பதுதான் படையின் சின்னம்.

ஈ, பி, என், எஸ் என்று நான்கு ஆங்கில எழுத்து நான்கு கட்டத்தில் இருந்தால் அது வெள்ளி முலாம் பூசிய ஜெர்மன் சில்வர். பெயரில்தான் சில்வர், உள்ளே தாமிரம், துத்தநாகம், நிக்கல். இதைக் கேட்டதும் வீட்டாரின் முகம் வாடும். வாட வேண்டியதில்லை. கம்பெனி அளவிலான விளையாட்டுப் போட்டிகளுக்கு இந்த மாதிரிக் கோப்பைகளைத்தான் அதிகம் கொடுத்தார்கள். சாதாரண சிப்பாய் நிஜமாகவே ஜெயித்து வாங்கியது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இங்கிலாந்துக் குறி எதுவுமே இல்லாத வெள்ளியும் உண்டு. பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் அந்த நாட்டைப் போல முத்திரை கட்டாயமில்லை. கடையின் பெயரை மட்டும் அடித்திருப்பார்கள்: மெட்ராஸ் மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ், கல்கத்தா ஹாமில்டன், குக் அண்ட் கெல்வி போன்றவை. பெயரும் இல்லை என்றால் வடசேரியில் கோயில் நகை செய்யும் பெரிய ஆசாரி ஒருவரிடம் காட்டுங்கள். உரைகல்லில் உரைக்க மட்டும் விடாதீர்கள். பார்த்தே சொல்லும் கண் அவர்களுக்கு உண்டு. தட்டி எடுத்ததா, வார்த்ததா, சக்கரத்தில் பிடித்ததா என்று அவர் சொல்வது உங்கள் நோட்டில் ஏற வேண்டும்.

உரைக்காமல் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. சமையலறை டிஜிட்டல் தராசில் பொருளை நிறுத்து எடையைக் குறியுங்கள். பிறகு ஒரு வாய் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, பூஜ்யம் ஆக்கிக்கொண்டு, பொருளை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுக்க முக்குங்கள். உள்ளே காற்றுக் குமிழ் நிற்கக் கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம்தான் பொருளின் கன சென்டிமீட்டர் கணக்கு. எடையை அதால் வகுங்கள். ஸ்டெர்லிங் வெள்ளி 10.3 பக்கம் வரும்; பித்தளையும் ஜெர்மன் சில்வரும் 8.4-க்கும் 8.8-க்கும் இடையில். திருவட்டாற்று மக் 412 கிராம். தண்ணீரில் 48 காட்டியது. வகுத்தால் 8.58. முலாம்தான். பிற்பாடு அடியில் அழுக்குக்குள் நான்கு கட்டமும் கிடைத்தன. மரப்பீடம் உள்ளவை, அடியில் அரக்கோ சிமெண்டோ ஊற்றிக் கனம் ஏற்றியவை ஆகியவற்றுக்கு இந்தச் சோதனை செல்லாது.

மரப்பீடத்தையும் பாருங்கள். தேக்கா, ஈட்டியா, நம் ஊர் அயினியா? அயினிப் பலகை என்றால் கேடயம் வெளியூரில் செய்தாலும் பீடம் இங்கேயே அடித்திருக்கலாம். பின்னால் முடுக்கிய ஸ்க்ரூவின் தலையில் ஒரே கீறல் இருக்கிறதா, ஸ்டார் வெட்டு இருக்கிறதா? ஸ்டார் தலை 1930-களில் அமெரிக்காவில் வந்தது. 1905 என்று எழுதிய பலகையில் ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால், குறைந்தது அந்த ஸ்க்ரூவாவது பிற்காலத்தது.

எழுத்தைப் படிப்பது

பகல் வெளிச்சத்தில் நேராகப் பிடித்துப் பார்த்தால் தேய்ந்த எழுத்து தெரியாது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பொருளின் பக்கவாட்டில் கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் வைத்து, சுற்றிச் சுற்றி வாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் எழுத்து நிழலாக எழுந்து நிற்கும். அந்த நொடியில் இன்னொருவர் படம் எடுக்க வேண்டும். இருபது முப்பது படமாவது எடுங்கள்.

அதற்குப் பிறகு பென்சில் உரசல். மெல்லிய டிரேசிங் பேப்பரை எழுத்தின் மேல் அசையாமல் பிடித்து, மிருதுவான பென்சிலைச் சாய்த்து வைத்து, அழுத்தாமல் ஒரே திசையில் உரசுங்கள். பள்ளிக்கூடத்தில் காசின் மேல் தாள் வைத்து உரசுவோமே, அதேதான். மக்கில் அக்காவும் அவர் பிள்ளைகளும் இத்தனை நாள் "1914" என்று படித்துவந்த எண், தாளில் 1114 என்று விழுந்தது. இரண்டாவது எண்ணின் தலையில் ஒரு நசுங்கல் இருந்தது. அந்த வட்டத்தைத்தான் ஒன்பதாக வாசித்திருந்தார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நான் பேசாமல் இருந்தேன். எண்பது வருடக் குடும்பக் கதை ஒரு நசுங்கலின் மேல் நின்றிருக்கிறது.

1114 கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக்கணக்கு. இதற்கு வாருங்கள்.

கொல்லம் ஆண்டுக் கணக்கு

திருவிதாங்கூர்ப் பொருள்களில் கொல்லம் ஆண்டு வருவது சகஜம். நம் பழைய நில ஆதாரங்களிலும் ஜாதகங்களிலும் பார்த்திருப்பீர்கள். ஆண்டு சிங்க மாதம் முதல் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். அன்றிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து அடுத்த ஆகஸ்ட் நடுப்பகுதி வரை 825. சரிபார்க்க ஒரு தேதி: கோயில் நுழைவுப் பிரகடனம் 1112 துலாம் 27. 1112-உடன் 824 கூட்டினால் 1936. அந்த நாள் 1936 நவம்பர் 12. ஆக 1114 என்றால் 1938 ஆகஸ்டிலிருந்து 1939 ஆகஸ்ட் வரை.

பாட்டாவின் ஜாதகத்தைக் கேட்டேன். பிறப்பு 1093 மீனம். 825 கூட்டினால் 1918. முதல் உலகப்போர் தொடங்கும்போது அவர் பிறக்கவே இல்லை. பொருளின் ஆண்டும் ஆளின் ஆண்டும் ஒன்றோடொன்று பொருந்தியபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஒரே ஒரு துப்பை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சான்றுகள் ஒரே ஆண்டைச் சொல்ல வேண்டும்.

எண்கள் மலையாள எழுத்தில் இருந்தாலும் பயப்பட வேண்டாம். கல்குளம், விளவங்கோடு பக்கம் மலையாளப் பள்ளியில் படித்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் படத்தைக் காட்டுங்கள்.

சின்னம்: சங்கு, கிரீடம், சிங்கத்தூண்

வலம்புரிச் சங்கு இருந்தால் திருவிதாங்கூர். இரு பக்கமும் யானை நின்றால் சமஸ்தான அரசின் சின்னம். கூடவே பின்னல் எழுத்து இருந்தால் அது மகாராஜாவின் பெயர்க்குறியா என்று பாருங்கள். ஆர், வி என்ற இரண்டு எழுத்து ராம வர்மா. 1885 முதல் 1924 வரை ஆண்ட ஸ்ரீமூலம் திருநாளின் காசுகளில் இதைப் பார்க்கலாம். பி, ஆர், வி என்று மூன்றானால் பால ராம வர்மா, அதாவது 1931-ல் ஆட்சிப் பொறுப்பேற்ற ஸ்ரீசித்திரைத் திருநாள். வீட்டில் பழைய சக்கரக் காசு கிடந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இதைவிட நல்ல அகராதி கிடையாது.

கிரீடம் இருந்தால் பிரிட்டிஷ் தொடர்பு. கிரீடத்தின் மேல் வளைவுகளைக் கவனியுங்கள். நடுவில் பள்ளம் விழாமல் உருண்டு எழுந்தால் ராஜாக்களின் காலம், 1901 முதல் 1950-களின் தொடக்கம் வரை. நடுவில் அமுங்கியிருந்தால் விக்டோரியா, அல்லது இரண்டாம் எலிசபெத். இந்தியப் படைப்பிரிவின் பொருளில் எலிசபெத்தின் கிரீடம் வர வழியில்லை; 1950 ஜனவரி 26-க்குப் பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கத்தூண் வந்துவிட்டது. 1947 ஆகஸ்டுக்கும் 1950 ஜனவரிக்கும் நடுவில் கிரீடம் தொடர்ந்தது என்பதையும் மனதில் வையுங்கள். சுதந்திரம் கிடைத்த மறுநாளே அச்சை மாற்றிவிடவில்லை.

பின்னல் எழுத்துகள்: வி.ஆர்.ஐ. விக்டோரியா, ஈ.ஆர்.ஐ. ஏழாம் எட்வர்டு, ஜி.ஆர்.ஐ. ஐந்தாம் அல்லது ஆறாம் ஜார்ஜ். இதில் ஒரு பொறி இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் விக்டோரியா ராணியின் பெயரையே தாங்கிய படை. ராணி 1901-ல் இறந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அவர்களுடைய சின்னத்தில் வி.ஆர்.ஐ. இருந்தது. நம் மாவட்டத்தில் சாப்பர்ஸில் இருந்த குடும்பங்கள் நிறைய. அதைப் பார்த்து "நூற்றிருபது வருஷப் பழசு" என்று விலை பேசவும் வேண்டாம், விலை கொடுக்கவும் வேண்டாம்.

யானை இருந்தால் மெட்ராஸ் ரெஜிமென்ட். 1803-ல் நடந்த அஸ்ஸாயே போரின் நினைவாக வந்த யானை அது. இன்றைய சின்னத்தில் கேடயத்தின் மேல் யானை நிற்கும், இரண்டு வாள் குறுக்கே இருக்கும்.

பெயரும் எண்ணும் பதவியும்

படைகளின் பெயர் அடிக்கடி மாறியது. அதுவே நமக்கு நாட்காட்டி. 1903-ல் இந்தியப் படைத் தலைமைத் தளபதி கிச்னர் சீர்திருத்தம் செய்தபோது மெட்ராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டினார்கள். 3-வது படை 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 13-வது, 73-வது கர்னாடிக் இன்ஃபன்ட்ரி ஆனது. 1922-ல் மீண்டும் கலைத்து அடுக்கி, 3-வது மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று ஒன்றாக்கினார்கள். அதன் முறையான பட்டாலியன்கள் 1920-களின் இறுதிக்குள் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரில்தான் மறுபடி எழுப்பினார்கள். 1930-களின் ஆண்டு போட்ட மெட்ராஸ் ரெஜிமென்ட் பொருள் கிடைத்தால், அது டெரிடோரியல் (பகுதிநேரப் படை) பட்டாலியனாக இருக்குமா என்று முதலில் பாருங்கள். மெட்ராஸ் பயனீர்ஸ் 1933-ல் கலைக்கப்பட்டார்கள். பயனீர் பெயரில் பிரிவுபசாரத் தட்டு, அதுவும் அந்த ஆண்டோ அதற்கு முன்போ போட்டது கிடைத்தால் பத்திரமாக வையுங்கள். ஒரு படையே கலைந்த நாளின் நினைவாக அது இருக்கலாம்.

பதவியும் காலம் சொல்லும். "ஜமேதார்" 1965-ல் "நாயப் சுபேதார்" ஆனது. வி.சி.ஓ. (வைஸ்ராயின் ஆணை பெற்ற இந்திய அதிகாரி) என்ற மூன்றெழுத்து இருந்தால் 1947-க்கு முன். அதன் பிறகு ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்). பெயருக்குப் பின்னால் ஓ.பி.ஐ. (ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா), ஐ.டி.எஸ்.எம். (இந்தியன் டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் மெடல்) போன்றவை இருந்தால் அவை விருதுகள். ஐ.டி.எஸ்.எம். 1907-ல் ஏற்படுத்தப்பட்ட வீரப் பதக்கம். அதைப் பெற்றவரின் பெயரை ஆவணங்களில் பிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது.

மக்கின் எழுத்துக்கு வருகிறேன். உரசலில் கிடைத்தது மூன்று வரி: "1-வது டி.என்.ஐ.", "இன்டர் கம்பெனி ஹாக்கி", "ரன்னர்ஸ் அப் 1114". டி.என்.ஐ. என்பது திருவிதாங்கூர் நாயர் இன்ஃபன்ட்ரி. தொர கொடுத்ததும் இல்லை, ஜெர்மன் சண்டையும் இல்லை. அக்காவிடம் தயங்கித்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தொழுத்துல ஒரு வளஞ்ச கம்பு கெடக்கும். அதுல யாரும் மாடு அடிக்கப்பிடாதுன்னு பாட்டா சத்தம் போடுவாரு" என்றார். ஆளைப் பற்றிக் கேளுங்கள் என்று மேலே எழுதியது இதனால்தான்.

பித்தளைக் குண்டு உறையும் கிறிஸ்துமஸ் பெட்டியும்

ரெஜிமென்ட் பரிசு என்று தப்பாக நினைக்கப்படும் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, பீரங்கிக் குண்டின் பித்தளை உறையில் பூவேலை செய்த ஜாடி. அடியைத் திருப்பினால் ஆண்டும், "18 பி.ஆர்." போன்ற குறியும் இருக்கும், 18 பவுண்டு பீரங்கி என்று பொருள். அம்புக்குறியின் கீழ் ஐ எழுத்து இருந்தால் இந்திய அரசின் கையிருப்பு. அடியில் உள்ள ஆண்டு உறை செய்த ஆண்டு மட்டுமே. பூ வெட்டியதும் பரிசாகக் கொடுத்ததும் எத்தனையோ காலம் கழித்தும் நடந்திருக்கலாம். உறைக்குள் குண்டு இன்னும் செருகியிருந்தாலோ, அடி நடுவில் உள்ள வெடி மூடியில் அடிபட்ட தடம் இல்லாவிட்டாலோ தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கையளவு பித்தளைப் பெட்டி: சுமார் 5 அங்குல நீளம், மூடியில் ஓர் இளம்பெண்ணின் தலை, "கிறிஸ்துமஸ் 1914" என்ற எழுத்து. இளவரசி மேரியின் நிதியில் கொடுத்தது. 25 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கான பெட்டிகளில் கற்கண்டும் மசாலாவும் வைத்த வகை உண்டு. எந்தப் படை என்பதைப் பெட்டியால் சொல்ல முடியாது. அதோடு கிடைத்த தாளும் பதக்கமும்தான் சொல்லும். பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் அங்கே சுற்றி வெட்டியிருக்கும்.

எழுத்து பிற்காலத்ததா

கையால் வெட்டிய எழுத்தின் பள்ளம் ஆங்கில வி போலக் கூராக இறங்கும், கோட்டின் அகலம் ஏறி இறங்கும். இயந்திரத்தில் வெட்டியது ஒரே அகலமாக இருக்கும். லென்ஸில் பார்க்க வேண்டியது பழைய கீறல்களை: கீறல் எழுத்தின் மேல் ஓடினால் எழுத்து பழையது, எழுத்து கீறலை வெட்டிக்கொண்டு போனால் அது பின்னால் வந்தது. எழுத்தின் ஓரம் விரலை லேசாகக் கிழிப்பது போல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். எண்பது வருடம் கைபட்ட உலோகம் அப்படி இருக்காது.

ஆவணம் தேடப் போகும்போது

சங்குப் பொருள் என்றால் கேரள அரசின் ஆவணக் காப்பகம், திருவனந்தபுரம். திருவிதாங்கூர் அரசு கெஜட்டும், ஆண்டு நிர்வாக அறிக்கைகளில் படை பற்றிய பகுதியும் பார்க்க வேண்டியவை. கொல்லம் ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள், வேலை சுருங்கும்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள ஆவண அலுவலகம். சாப்பர்ஸ் என்றால் பெங்களூர் எம்.இ.ஜி. (மெட்ராஸ் என்ஜினியர் குரூப்). இரண்டுக்கும் கடிதம் எழுதுமுன் ஆர்மி நம்பரைக் கண்டுபிடியுங்கள். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவு, பதக்க விளிம்பு மூன்றில் ஒன்றில் இருக்கும். நம்பர் இல்லாமல், பெயரை மட்டும் போட்டு எழுதுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவது. ஒரே பெயரில் எத்தனை செல்லையாக்கள் படையில் இருந்திருப்பார்கள்! நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கடிதத்தை எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்று கேட்டுக்கொள்ளலாம்.

பரிசு கொடுத்த அதிகாரியின் பெயர் இருந்தால், அந்தக் காலத்து இந்திய ராணுவப் பட்டியல்களின் பல தொகுதிகள் இணையத்தில் பக்கம் பக்கமாகப் படங்களாக இருக்கின்றன. போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையத் தேடலில் பெயர் போட்டுப் பாருங்கள், இலவசம். நம் பெயர்களை அவர்கள் ஆங்கிலத்தில் எப்படி எழுதினார்கள் என்பதில்தான் சிக்கல். நாலைந்து விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விற்பது, வெளியே அனுப்புவது, வைப்பது

நூறு வருடம் தாண்டிய கலைப்பொருள் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வளைகுடாவிலோ லண்டனிலோ இருக்கும் பேரனுக்குக் கொடுத்தனுப்பும் முன் இதை யோசியுங்கள். பிரம்பின் தலையோ கத்தியின் பிடியோ தந்தம் என்றால் விற்பதே குற்றம். வனத்துறையிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

வைக்கும் இடம் ஈரமில்லாததாக இருக்கட்டும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை கறுப்பேற்றும். ரப்பர் பேண்ட் போட்டால் வெள்ளியில் அதன் தடம் அப்படியே பதிந்துவிடும். துவைத்து வெயிலில் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணி போதும்.

அந்த மக்குக்குள் இப்போது ஒரு சீட்டு இருக்கிறது. அக்கா சொன்ன கதை அவர் வார்த்தையிலேயே மேலே. கீழே எடை, அளவு, உரசலில் கிடைத்த மூன்று வரி, கொல்லம் ஆண்டுக் கணக்கு, பார்த்த தேதி. இன்னொரு பிரதி அவர் மகளிடம், மூன்றாவது என்னிடம். வளைந்த கம்பையும் தேடிப் பார்த்தோம். தொழுத்து இடிந்து வருடங்கள் ஆகிவிட்டன.